காந்தத் துகள் சேரலையா, சேர்ந்தது பிரியலையா? அறிகுறிய வச்சு கோளாறப் பிடிக்கிற வழி

மதுரைல ஒரு காலேஜ் பிசிக்ஸ் லேபுல வேலை பாக்குறேன். வருஷா வருஷம் ரெண்டு மூணு பிள்ளைங்களாச்சும் இந்த காந்தத் துகள் ப்ராஜெக்ட (தண்ணியில கிடக்குற பொடிப்பொடி காந்தத் துகள, வெளிய இருந்து ஃபீல்டு, அதாவது காந்தப்புலம் குடுத்து, தானா வடிவம் சேர வைக்கிறது) எடுப்பாங்க, எடுத்த பத்தாம் நாள் "அக்கா, துகள் சரியில்ல, வேற பாட்டில் ஆர்டர் போடணும்"னு வந்து நிப்பாங்க. அந்த பாட்டில் என்ன விலைன்னு வாங்குனவங்களுக்குத் தெரியும், அதுக்காகவே இத எழுதுறேன்.

துகள் மேல தப்பு இருக்குறது ரொம்ப அபூர்வம். அதுக்குத் தலைவனும் கிடையாது திட்டமும் கிடையாது, பக்கத்துத் துகளோட இழுப்பு, தண்ணியோட பிடிமானம் (பாகுத்தன்மை), வெளிய இருந்து நாம குடுக்குற ஃபீல்டு, இந்த மூணும் சேர்ந்துதான் சங்கிலியாவும் சக்கரமாவும் மந்தையாவும் ஆகுது. அப்ப தட்டுல தெரியிற வடிவம் கோணலா இருந்தா முக்காவாசி ஃபீல்டுதான் கோணல். அந்த வடிவத்தையே மீட்டரா வச்சு படிக்கப் பழகிட்டா பாதி கோளாற உக்காந்த இடத்துலயே சொல்லிறலாம்.

கீழ வர்ற நம்பரெல்லாம் எங்க செட்டப்புக்கு. ரெண்டு ஜோடி ஹெல்ம்ஹோல்ட்ஸ் காயில் (நடுவுல சீரான ஃபீல்டு குடுக்குற மாதிரி எதிரெதிரா வைக்கிற ஜோடிக் காயில்), ஒன்னுக்கொன்னு குறுக்க, உள்ஜோடி ஆரம் 4 செ.மீ., வெளிஜோடி 5 செ.மீ., ஒவ்வொரு காயில்லயும் 22 கேஜ் எனாமல் காப்பர் ஒயர் 150 சுத்து, ஜோடிக்குள்ள இடைவெளி அந்தந்த ஆரத்துக்குச் சமம். 1 ஆம்பியருக்கு நடுவுல உள்ஜோடி சுமார் 3.4 மில்லிடெஸ்லா (ஃபீல்ட அளக்குற அலகு) குடுக்கும், வெளிஜோடி 2.7 குடுக்கும். ஜோடிக்கு ஒரு 1 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் சீரிஸ்ல போட்டுருக்கோம், அதுக்கு ரெண்டு பக்கமும் மல்டிமீட்டர வச்சா வோல்ட் எவ்வளவு காட்டுதோ அதான் ஆம்பியர், தனியா கணக்கு போட வேண்டாம். ரெண்டு சேனல் டிடிஏ 2030 ஆம்ப்ளிஃபையர் போர்டு, சிக்னல் போன்ல இருந்து ஒயர்ல வருது. துகள் 2.8 மைக்ரான் பாலிஸ்டைரீன் மணி, உள்ள இரும்பு ஆக்சைடு குருணை, சூப்பர்பாராமேக்னடிக் வகை, அதாவது ஃபீல்டு இருக்குற வரைக்கும் காந்தம், எடுத்துட்டா மறந்துரும்.

ஃபீல்டு போட்டும் ஒன்னுமே நடக்கல

முதல்ல மைக்ராஸ்கோப்புல ஃபீல்டு இல்லாம பாருங்க. மணி லேசா நடுங்கிக்கிட்டே இருக்கணும், அதான் ப்ரௌனியன் ஆட்டம், தண்ணி மூலக்கூறு முட்டி முட்டி வர்ற நடுக்கம். நடுக்கமே இல்லாம செத்த மாதிரி உக்காந்திருந்தா கண்ணாடியில ஒட்டிருச்சுன்னு அர்த்தம், அதுக்கப்புறம் எம்புட்டு ஆம்பியர் விட்டாலும் பிரயோஜனம் இல்ல. இங்க இதுக்கு முக்கால்வாசி காரணம் போர் தண்ணி. நம்ம ஊர் போர் தண்ணியில உப்பு ஜாஸ்தி, மணி மேலயும் கண்ணாடி மேலயும் இருக்குற ஒரே மாதிரி சார்ஜுதான் ரெண்டையும் தள்ளி வச்சிருக்கு, உப்பு அந்தச் சார்ஜ மறைச்சிரும், அப்புறம் தொட்டதும் ஒட்டும். பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் வாங்கி நாலு தடவ கழுவுங்க: பாட்டிலோட பக்கத்துல காந்தத்த வச்சா மணி அங்க ஒதுங்கும், தண்ணிய உறிஞ்சிட்டு புதுசு ஊத்தணும், அம்புட்டுத்தான். கடைசியில ஒரே ஒரு சொட்டு ட்வீன் 20 (சோப்பு மாதிரி ஒரு லேப் திரவம்), அதுவும் நல்லா நீர்க்க விட்டது.

நடுக்கம் இருக்கு, ஆனா சங்கிலி வரலைன்னா ஃபீல்டு நெஜமாவே நடுவுல இருக்கான்னு பாக்கணும். எங்களுக்கு ஒரு தடவ மூணு நாள் இதுலயே போச்சு. காயில் கை சுடுது, மீட்டர் 1 ஆம்பியர் காட்டுது, மணி மட்டும் அசையல. கடைசியில ரெண்டு காயிலயும் பையில போட்டு சிம்மக்கல் பக்கம் ஒரு மோட்டார் வைண்டிங் கடைக்கு எடுத்துட்டுப் போனேன். அந்த அண்ணே மைக்ராஸ்கோப்ப கண்ணால பாத்தது இல்ல, துகள் கதையும் அவருக்குத் தேவைப்படல. ரெண்டு காயிலயும் டேபிள்ல எதிரெதிரா நிப்பாட்டி, டிராயர்ல இருந்து ஒரு சின்ன திசைகாட்டிய எடுத்து நடுவுல வச்சு, டார்ச் செல்லுல இருந்து ரெண்டு ஒயர இழுத்து முனையில தொட்டாரு. முள்ளு அசையவே இல்ல, வடக்கையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. திசைகாட்டிய ஒரு காயில் கிட்ட நகத்துனாரு, வெடுக்குன்னு திரும்புச்சு, அடுத்த காயில் கிட்ட கொண்டு போனாரு, அங்கிட்டும் திரும்புச்சு, ஆனா எதிர்ப்பக்கம். "ரெண்டும் ஒன்னோட ஒன்னு சண்டை போடுதும்மா, ஒன்ன திருப்பிக் குடுத்துருக்கீங்கண்டு நெனைக்கிறேன், ஒரு காயில்ல முனைய மாத்திக் கட்டுங்க"ண்டாரு. அம்புட்டுத்தான் கோளாறு. ஒரே திசையில ஓட வேண்டிய கரண்டு எதிரெதிரா ஓடுனா நடுப்புள்ளியில ஃபீல்டு சைபர். 1.5 வோல்ட் செல்லுல சும்மா தொட்டாலே சரியா கட்டுன ஜோடி நடுவுல ஒரு மில்லிடெஸ்லாவுக்கு மேல வரும், பூமியோட ஃபீல்டு 0.04 மில்லிடெஸ்லாதான், அதனால முள்ளு தயங்காம காயில் அச்சுக்குத் திரும்பணும். இப்ப எங்க லேபுல காயில் கட்டுனதும் முதல் வேலை திசைகாட்டி, துகள் பாட்டில திறக்குறதெல்லாம் அப்புறம்தான்.

மூணாவது காரணம், ஃபீல்டு இருக்கு ஆனா பத்தல. ரெண்டு மணிக்கு நடுவுல இருக்குற பிணைப்புச் சக்தி ஃபீல்டோட வர்க்கத்துக்கு ஏறும், ஒட்டி நிக்கும்போது விட்டத்தோட மூணாம் அடுக்குக்கு ஏறும். 2.8 மைக்ரான் மணிக்கு 3 மில்லிடெஸ்லாவுல அந்தப் பிணைப்பு வெப்ப ஆட்டத்தவிட நூத்துக்கணக்கான மடங்கு பெருசு, அதே மணிக்கு 0.1 மில்லிடெஸ்லா குடுத்தா ரெண்டும் சரிக்குச் சரியாயிரும், சேர்றதும் பிரியிறதுமாவே இருக்கும். செலவு கம்மின்னு 1 மைக்ரான் மணி வாங்கிட்டு வந்து பழைய கரண்டுலயே ஓட்டுனா பிணைப்பு இருபதுல ஒரு பங்குதான் மிச்சம் இருக்கும், கரண்ட ஏத்தித்தான் ஆகணும்.

எல்லாம் ஒரு ஓரமா போய் குமியுது

சீரான ஃபீல்டு துகள திருப்பும், பக்கத்துத் துகளோட சேர்க்கும், ஆனா ஒரு பக்கமா இழுத்துட்டுப் போகாது. இழுக்குதுன்னா எங்கயோ ஃபீல்டு சரிவா இருக்கு, இல்லன்னா காந்தத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒன்னு தள்ளுது. ரெண்டையும் பிரிக்கிறது லேசு. கரண்ட நிப்பாட்டுங்க. நிப்பாட்டியும் ஒழுகிக்கிட்டே போனா ஸ்லைடு சாய்வா இருக்கு, இல்ல கவர்ஸ்லிப் (ஸ்லைடு மேல மூடுற மெல்லிசு கண்ணாடி) ஓரத்துல தண்ணி காயுது, காயிற பக்கம் தண்ணி ஓடும், மணிய கூட்டிட்டுப் போகும். நிப்பாட்டுனதும் நின்னுருச்சுன்னா காயில் சரிவு. அப்ப கரண்டோட திசைய மாத்திப் பாருங்க, இந்த வகை மணி திரும்பவும் அதே பக்கம்தான் போகும், ஏன்னா இழுப்பு ஃபீல்டோட வர்க்கத்தோட சரிவப் பாத்துப் போறது, கூட்டல் கழித்தல் அதுக்குக் கணக்கில்ல. பிள்ளைங்க இங்கதான் குழம்புவாங்க, "திசைய மாத்தியும் திரும்பலையே, அப்ப இது காந்தம் இல்ல"ன்னு முடிவு கட்டிருவாங்க. காந்தம்தான் அது.

காயில் இடைவெளிய ஸ்கேல் வச்சு அளங்க, ஆரத்துக்குச் சமமா இருக்கணும், சாம்பிள் ரெண்டுக்கும் நட்ட நடுவுல இருக்கணும். அப்புறம் சுத்தி இருக்குற இரும்பு: மைக்ராஸ்கோப் மேடை, அதப் பிடிக்கிற கிளிப், டேபிள் கால், பக்கத்துல வச்ச இடுக்கி, ஸ்பீக்கர் இருக்குற போன், ஹேண்ட்பேக்ல இருக்குற காந்த பட்டன். ஸ்டீல் கிளிப்ப கழட்டிட்டு டேப் போட்டு ஒட்டுனதுல ஒரு பையனோட ஒரு மாசப் பிரச்சினை அஞ்சு நிமிஷத்துல தீந்துச்சு.

சேராம ஒன்ன ஒன்னு விலக்கிக்கிட்டு நிக்குது

இது கோளாறு மாதிரி தெரியிற அழகு. மணியெல்லாம் அடியில படிஞ்சிருக்கும்போது ஃபீல்டு மேல கீழா நின்னா ஒவ்வொன்னும் பக்கத்துல இருக்குறத தள்ளும், போதுமான அளவு மணி இருந்தா தேன்கூட்டு மாதிரி ஆறுமூலையா ஒழுங்கு பிடிச்சு நிக்கும். நீங்க கேட்டது சங்கிலின்னா தப்பான காயிலுக்குக் கரண்டு போகுது, இல்ல காயில படுக்கப் போட்டுருக்கீங்க. படுக்கைவாட்டுல ஃபீல்டு வேணும்னா காயில் நிக்கணும். ஃபீல்டு கூம்பு மாதிரி சுத்தி, அச்சுல இருந்து 54.7 டிகிரி சாய்வுல இருந்தாலும் சராசரி இழுப்பு கிட்டத்தட்ட காணாமப் போயிரும், மூணு ஜோடி காயில் வச்சிருக்குறவங்க மட்டும் இத ஞாபகம் வச்சுக்கங்க.

ஃபீல்டு சுத்தணும், ஆனா சங்கிலி 45 டிகிரில நின்னு துடிக்குது

பாத்த உடனே கோளாறு தெரியிற அறிகுறி இதுதான், இதச் சொல்லிக் குடுக்க எனக்கு அம்புட்டு ஆசை. ரெண்டு ஜோடியிலயும் சைன் அலை போகணும், ஆனா ஒன்னுக்கும் இன்னொன்னுக்கும் 90 டிகிரி கால்வட்டம் முன்னபின்ன இருக்கணும், அப்பதான் ரெண்டோட கூட்டு வட்டமா சுத்தும். ரெண்டும் ஒரே நேரத்துல ஏறி ஒரே நேரத்துல இறங்குனா கூட்டு ஒரு சாய்வுக் கோட்டுல முன்னயும் பின்னயும்தான் போகும், சங்கிலியும் அதே சாய்வுக் கோட்டுல படுத்துக்கும். அதாவது லெஃப்ட் ரைட் ரெண்டு சேனல்லயும் ஒரே சிக்னல் வருது. எங்க போச்சுன்னு தேடுங்க: போன் செட்டிங்ஸ்ல மோனோ ஆடியோ ஆன் ஆகியிருக்கும், இல்ல ஒயருக்குப் பதிலா ப்ளூடூத்துல விட்டுருப்பீங்க, அதுல சிலது ரெண்டையும் கலந்து ஒன்னாக்கிரும், இல்ல மூணு உலோகப் பகுதி இருக்க வேண்டிய பின்னுல ரெண்டுதான் இருக்கும்.

கோடா இல்லாம, சங்கிலி சுத்தும்போது ஒரு திசையில வெரசா ஓடி இன்னொரு திசையில மெதுவா இழுக்குதுன்னா ஃபீல்டு வட்டமா இல்ல, முட்டை வடிவமா இருக்கு. எங்க செட்டப்புல இது வந்தே தீரும், ஏன்னா வெளிஜோடி பெருசு, அதே ஆம்பியருக்குக் கம்மி ஃபீல்டுதான் குடுக்கும். உள்ஜோடிக்கு 1 ஆம்பியர்னா வெளிஜோடிக்கு 1.25 விடணும். ரெண்டு சேனல் வால்யூமும் ஒரே அளவுல திருகி இருக்குறது பாக்க அழகாத்தான் இருக்கும், மீட்டர நம்புங்க, திருகிய நம்பாதீங்க.

இன்னொன்னு, 5 ஹெர்ட்ஸ்ல சுத்தவே இல்ல, 40ல நல்லா சுத்துதுன்னா ஆம்ப்ளிஃபையர் அது வேலையத்தான் பாக்குது. பாட்டு கேக்கச் செஞ்ச போர்டு, நடுவுல கப்பாசிட்டர் இருக்கும், 20 ஹெர்ட்ஸுக்குக் கீழ விடாது. மெதுவான சுழற்சி வேணும்னா மோட்டார்ல ஒரு காந்தத்த கட்டி தட்டுக்கு அடியில சுத்த விடுறதே நல்லது. 2000ல க்ரிபோவ்ஸ்கி, ஸ்டோன், வைட்சைட்ஸ் மூணு பேரும் நேச்சர் பத்திரிகைல போட்ட சோதனையே அப்படித்தான், தண்ணி மேல மிதக்குற மில்லிமீட்டர் அளவு காந்தத் தட்டு, அடியில சுத்துற ஒரு சட்டக் காந்தம், ஒவ்வொரு தட்டும் தான் சுத்துறதுல தண்ணியையும் சுத்தி விட அந்தச் சுழலே பக்கத்துத் தட்ட தள்ளி வைக்குது, காந்தம் நடுவுக்கு இழுக்குது, ரெண்டுக்கும் நடுவுல தானா ஒரு ஒழுங்கு வந்து நிக்குது. ஆம்ப்ளிஃபையரே இல்லாம ஒரு பள்ளிக்கூடத்துல கூட செய்யலாம்.

ஃப்ரீக்வென்சி ஏத்துனா சங்கிலி உடைஞ்சு போகுது

இது ரெண்டு விதம், ஒன்னு இயற்கை, ஒன்னு கோளாறு, பிரிச்சுப் பாக்கணும்.

இயற்கை எதுன்னா: சங்கிலி தண்ணிய கிழிச்சுக்கிட்டு சுத்தணும், வேகம் ஏற ஏற தண்ணி இழுத்துப் பிடிக்கும், சங்கிலி ஃபீல்டுக்குப் பின்தங்கும், முதல்ல கடிகார முள்ளு மாதிரி நேரா இருந்தது நுனி வளைஞ்சு எஸ் மாதிரி ஆகும், அப்புறம் நடுவுல அறுந்து ரெண்டு குட்டிச் சங்கிலி ஆகும். தண்ணிப் பிடிமானத்துக்கும் காந்த இழுப்புக்கும் உள்ள இந்த விகிதத்த மேசன் எண்ணுன்னு சொல்வாங்க. ஃபீல்ட ரெண்டு மடங்கு ஆக்குனா நாலு மடங்கு ஃப்ரீக்வென்சி வரைக்கும் அதே நீளம் தாங்கும். சந்தேகம் இருந்தா மெடிக்கல்ல கிளிசரின் வாங்கி கொஞ்சம் கலந்து பாருங்க, அதே ஃபீல்டு அதே ஃப்ரீக்வென்சில சங்கிலி இன்னும் குட்டையாச்சுன்னா நீங்க பாக்குறது பிடிமானம்தான். இன்னும் ஏத்துனா சங்கிலியே இருக்காது, சுத்துற ஃபீல்டோட சராசரி எல்லாப் பக்கமும் சமமான இழுப்பாயிரும், மணியெல்லாம் ஒட்டி வட்டத் தட்டாச் சேரும், உள்ள ஆறுமூலை ஒழுங்கு, அந்தத் தட்டு ஃபீல்டவிட ரொம்ப மெதுவா பைய சுத்தும். நிறைய பேரு இத "ஒட்டிக்கிச்சு, கெட்டுப்போச்சு"ன்னு கழுவி ஊத்திருக்காங்க. ஊத்தாதீங்க, ப்ராஜெக்ட்டே அதுதான்.

கோளாறு எதுன்னா: நீங்க வால்யூம தொடாம ஃப்ரீக்வென்சிய மட்டும் ஏத்தியிருப்பீங்க, காயிலோட இண்டக்டன்ஸ் (கரண்டு மாறுறத எதிர்க்கிற குணம்) கரண்ட அமுக்கிரும். எங்க உள்ஜோடி சுமார் 6 மில்லிஹென்றி, 20 ஹெர்ட்ஸ்ல அது ஒரு விஷயமே இல்ல, 200 ஹெர்ட்ஸ்ல கரண்டு பாதியாயிரும், கரண்டு பாதின்னா இழுப்பு கால்வாசி. அப்ப உடைஞ்ச சங்கிலியப் பாத்து மேசன் எண்ணு கிராஃப் போட்டா அந்த கிராஃப் முழுக்கத் தப்பு. ஒவ்வொரு ஃப்ரீக்வென்சியிலயும் 1 ஓம் ரெசிஸ்டர்ல வோல்ட்ட பாத்து பழைய அளவுக்குக் கொண்டு வாங்க. மீட்டர் காட்டுறது ஆர்எம்எஸ் (ஏசிக்கு எடுக்குற ஒரு வகை சராசரி), உச்சம் அதுல 1.4 மடங்கு, இதையும் நோட்டுல எழுதி வைங்க. வால்யூம் பத்தலைன்னா சீரிஸ்ல கப்பாசிட்டர் போட்டு ரெசனன்ஸ்ல (காயில் எதிர்ப்ப கப்பாசிட்டர் ஈடுகட்டுற ஃப்ரீக்வென்சில) ஓட்டலாம், 200 ஹெர்ட்ஸுக்கு 105 மைக்ரோஃபாரட் பக்கம் வரும், ஆனா நான்போலார் வகைதான் போடணும், சாதா எலக்ட்ரோலிட்டிக் போட்டா உப்பி வெடிக்கும். ரெசனன்ஸ்ல ஃபேஸ் நகரும், அதனால ரெண்டு ஜோடிக்கும் சேர்த்துத்தான் போடணும், அது அதோட இண்டக்டன்ஸுக்குத் தகுந்த மாதிரி. ஒன்னுக்கு மட்டும் போட்டீங்கன்னா மேல சொன்ன முட்டை வடிவம் வந்து நிக்கும்.

ஃபீல்ட எடுத்தும் சங்கிலி பிரியல

சூப்பர்பாராமேக்னடிக் மணின்னா நிப்பாட்டின கொஞ்ச நேரத்துல சங்கிலி தளரணும், ப்ரௌனியன் ஆட்டம் ஒன்னொன்னா கழட்டி விடும். கழரலைன்னா மணியோட தோல் ஒன்னோட ஒன்னு தொட்டு வேற விசையில ஒட்டிருச்சு, ரொம்ப நேரம் அதிக ஃபீல்டுல அழுத்தி வச்சாலும் இது நடக்கும். அல்ட்ராசோனிக் குளியல்ல ரெண்டு நிமிஷம் போட்டா பிரியும். லேபுல இல்லையா, மூக்குக்கண்ணாடி கடையில ஃப்ரேம் கழுவ சின்ன மெஷின் வச்சிருப்பாங்க, நகைக்கடையிலயும் இருக்கும், பாட்டில நல்லா மூடி ஒரு கவர்ல போட்டுக் குடுத்து கேட்டுப் பாருங்க, எனக்கு ஒருத்தர் காசே வாங்காம போட்டுக் குடுத்தாரு.

நிக்கல், இரும்புத் தூள், டோனர் வச்சு செய்யிறவங்களுக்குக் கதை வேற. சில லேசர் பிரிண்டர் டோனர்ல மேக்னடைட் (காந்தமாகுற இரும்பு ஆக்சைடு) இருக்கும், பத்து மைக்ரான் பக்கம் அளவு, ரீஃபில் பண்ற கடையில கொஞ்சமா கேட்டா கிடைக்கும், பிளாஸ்டிக் தோல்ங்கறதால சோப்பு இல்லாம தண்ணியில இறங்காது, மூக்குல துணி கட்டாம திறக்காதீங்க. இதெல்லாம் ஒரு தடவ காந்தமானா அந்த நினைவு தங்கிரும், ஃபீல்ட எடுத்தாலும் கட்டியாவே கிடக்கும். மறக்கடிக்க ஏசி ஃபீல்ட முழுசா குடுத்து அப்படியே பைய பைய சைபருக்கு இறக்கணும், பழைய டிவி ஆன் பண்ணும்போது "டொய்ங்"னு ஒரு சத்தம் வருமே, அது இதே வேலைதான். பட்டுன்னு ஸ்விட்ச அமத்துனா பழைய நினைவோடயே நிக்கும். இரும்புத் தூள் தண்ணியில ரெண்டு மூணு நாள்ல செம்மண் கலர் ஆச்சுன்னா துரு, அதுக்கு வைத்தியம் கிடையாது, புதுசு போடுங்க. நிக்கல் துருப்பிடிக்காது, ஆனா கையில படாம கிளவுஸ் போடணும், சிலருக்குத் தோல் தடிச்சிரும்.

தண்ணி மேல பாம்பு வரணும், துகள் முங்கிப் போகுது

இது தனி ரகம். 2006ல அமெரிக்காவுல ஆர்கோன் லேபுல ஸ்னெஷ்கோ, ஆரன்சன் குழு 90 மைக்ரான் நிக்கல் உருண்டைகள தண்ணி மேல தூவி, மேல கீழா மாறுற ஏசி ஃபீல்டு குடுத்தாங்க, பாம்பு மாதிரி கண்ணிகண்ணியா ஒரு வடிவம் வந்துச்சு. துகள் ஆடுறதுல தண்ணி மேல அலை வரும், அந்த அலை துகள ஒழுங்குபடுத்தும், ஒழுங்கான துகள் இன்னும் பெரிய அலைய எழுப்பும். 2011ல ரெண்டு திரவத்துக்கு நடுவுல அதே மாதிரி நட்சத்திர வடிவம் கொண்டு வந்தாங்க. எங்க காயில்ல வர்ற 3 மில்லிடெஸ்லா இதுக்குப் பத்தாது, 10 பக்கம் வேணும்.

முங்குதுன்னா சோப்பு. முன்னால சொன்ன ட்வீன், தட்டு கழுவுன விம், எதோ ஒன்னு தண்ணியோட மேல்தோல் இழுவிசைய குறைச்சிருச்சு, நிக்கல் தண்ணியவிட கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு கனம், அந்தத் தோல் மட்டும்தான் தாங்குது. அங்க மருந்தா இருந்த சோப்பு இங்க விஷம். தட்ட தனியா வைங்க, கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டர்ல, விரல உள்ள விடாதீங்க, துகள மாவு சலிக்கிற மாதிரி உயரத்துல இருந்து பைய தூவுங்க.

ஆம்ப்ளிஃபையர் இல்லாம ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர்ல நேரா 50 ஹெர்ட்ஸ் விடுறவங்க இருக்காங்க, அது ஓகேதான், ஆனா கரண்டு போய் இன்வெர்ட்டருக்கு மாறுன நிமிஷமே பாம்பு குழம்பிச்சுன்னா அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர், 50ஓட சேர்ந்து 150, 250 எல்லாம் வரும். துகளும் காயிலும் நல்லாத்தான் இருக்கு, கரண்டு வர்ற வரைக்கும் டீ குடிச்சிட்டு வாங்க.

மந்தை ஒரே பக்கமா சாயுது, இல்ல நகரவே இல்ல

திருமங்கலம், உசிலம்பட்டி பக்கம் அறுவடை முடிஞ்ச காட்டுல கிடை போட வர்ற செம்மறி ஆட்டப் பாத்துருக்கீங்களா, முன்னால போற ஆடுன்னு ஒன்னு நிலையா கிடையாது, ஒவ்வொன்னும் பக்கத்து ஆட்டப் பாத்துத் திரும்பும், மொத்தமும் ஒரே உடம்பு மாதிரி வளையும். உருளுற துகள் மந்தையும் அப்படித்தான், ஆட்டுக்குக் கண்ணு, இதுக்குப் பக்கத்துத் துகளோட மோதலும் தண்ணியோட ஓட்டமும்.

நகரலைன்னா முதல்ல ஃபீல்டு சுத்துற தளத்தப் பாருங்க. தரைக்கு இணையா சுத்துனா இருந்த இடத்துலயே பம்பரம். வண்டிச் சக்கரம் மாதிரி நிமிர்ந்து சுத்துனாத்தான் தரையப் பிடிச்சு உருளும், அப்ப ஒரு ஜோடி காயில் மேல கீழா இருக்கணும். ஒரு காயில் ஜோடியோட முனைய மாத்துனா மொத்தமும் எதிர்ப்பக்கம் போகணும், போனா எல்லாம் சரி. சூப்பர்பாராமேக்னடிக் மணி தனியா இருந்தா கிட்டத்தட்ட உருளாது, அதோட காந்தம் உடம்பு திரும்பாமலே ஃபீல்டு பின்னால போயிரும், ரெண்டு மூணு சேர்ந்தாத்தான் நடக்கும், அத கோளாறுன்னு எழுதாதீங்க. நிக்கல் மாதிரி நினைவுள்ள உருண்டைக்கு சும்மா மேல கீழா மாறுற ஃபீல்டே போதும், ஒவ்வொன்னும் தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம் உருள ஆரம்பிச்சு, ஃப்ரீக்வென்சி ஏற ஏற மந்தையாச் சேரும், அப்புறம் பெரிய சுழலாகும், இதையும் ஆர்கோன் குழுதான் 2017ல காட்டுச்சு.

அப்படி இஷ்டத்துக்குப் போக வேண்டியது எப்பவுமே ஒரே பக்கம் சாஞ்சா பூமிய சந்தேகப்படுங்க. காந்த நடுக்கோடு நம்மளுக்குத் தெக்க, திருநெல்வேலி திருவனந்தபுரம் பக்கமா போகுது, 1963ல முதல் ராக்கெட் விட்ட தும்பாவ (திருவனந்தபுரம் பக்கம்) அதுக்குத் தேர்ந்தெடுத்ததுக்கே அதான் காரணம். அதனால மதுரைல பூமியோட ஃபீல்டு சில டிகிரி சாய்வோட கிட்டத்தட்ட படுக்கையாவே வடக்கப் பாத்து இருக்கு. ஐரோப்பாவுல செஞ்சவங்களுக்கு அதுல பெரும்பங்கு தரைக்குள்ள குத்திட்டு நிக்கும், அவங்க பேப்பர்ல இந்தத் தொல்லையப் பத்தி பெருசா இல்லைன்னா நம்மளுக்கும் இருக்காதுன்னு அர்த்தம் இல்ல. 3 மில்லிடெஸ்லாவுல 0.04 ஒன்னுமில்ல, ஆனா 0.3ல ஓட்டுறவங்களுக்கு அது பத்து சதவீதத்துக்கு மேல. மொத்த செட்டப்பையும் 90 டிகிரி திருப்பி வைங்க. சாய்வும் கூடவே திரும்புனா காயில் கோணல், சாய்வு வடக்குதெக்குலயே நின்னா பூமி. பூமின்னா வடக்குதெக்கு திசையில பத்து சுத்து தனி காயில் ஒன்னு சுத்தி, டார்ச் செல்லுல இருந்து ரெசிஸ்டர் வழியா கொஞ்சமா டிசி விட்டு, திசைகாட்டி முள்ளு எங்கயும் பிடிக்காம தடுமாறுற வரைக்கும் சரி பண்ணுங்க.

காலையில வந்துச்சு, மத்தியானம் வரல

சித்திரை வைகாசில இது தினம் கேக்குறதுதான். காயில் ஒரு மணி நேரம் ஓடி 30 டிகிரி சூடேறுனா காப்பரோட ரெசிஸ்டன்ஸ் 12 சதவீதம் ஏறும், எங்க கணக்குல கரண்டு ஒன்பது சதவீதம் பக்கம் குறையும், இழுப்புல ஆறுல ஒரு பங்கு போச்சு. அதே நேரம் தண்ணி நீர்த்துப் போகும், 25 டிகிரியில இருக்குற பிடிமானத்துல 40 டிகிரியில கால்வாசி குறைஞ்சிரும். ரெண்டும் எதிரெதிரா வேலை செய்யிறதால ரிசல்ட்டு குழப்பமா வரும். அரை மணிக்கு ஒரு தடவ ரெசிஸ்டர் வோல்ட்ட பாருங்க, ஸ்லைடு பக்கத்துல ஒரு தெர்மாமீட்டர் வைங்க, கவர்ஸ்லிப் ஓரத்த வாசலின் இல்ல நெயில் பாலிஷ் வச்சு மூடுங்க. ஃபேன ஸ்லைடு மேல திருப்பாதீங்க, காயில் மேல திருப்புங்க.

கண்ணுல சரி, வீடியோல பின்னால சுத்துது

கேமரா 30 ஃப்ரேம்ல எடுக்கும்போது 28 ஹெர்ட்ஸ்ல சுத்துற ஒரு பொருள் நொடிக்கு ரெண்டு சுத்து பின்னால போற மாதிரி தெரியும், 30ல நின்னுரும். சங்கிலிக்கு இன்னும் மோசம், ரெண்டு முனையும் ஒரே மாதிரி இருக்குறதால 15 ஹெர்ட்ஸ்லயே நின்ன மாதிரி காட்டும். ஒரு பொண்ணு "15ல லாக் ஆகுதுக்கா, புது ஃபினாமினன்"னு ஓடி வந்துச்சு, அந்த முகத்தப் பாத்துட்டு கேமராதான்னு சொல்ல எனக்கு மனசே வரல. ஃப்ரீக்வென்சிய 15ல இருந்து 14க்கும் 16க்கும் மாத்துங்க, ஒன்னுல பின்னாலயும் ஒன்னுல முன்னாலயும் மெதுவா போச்சுன்னா கேமரா ஏமாத்துது. போன்ல 240 ஃப்ரேம் ஸ்லோமோஷன் வச்சா 50 ஹெர்ட்ஸ் சங்கிலி வரைக்கும் திசை சரியாத் தெரியும், 60ஐ தாண்டுனா அதுவும் ஏமாத்தும். வெளிச்சத்துக்கு கரண்டுல ஓடுற எல்இடி பல்ப் வச்சா அது நொடிக்கு 100 தடவ மினுக்கும், அதுவே இன்னொரு பொய்யச் சேர்க்கும், பேட்டரி டார்ச் வச்சு எடுங்க. எடுத்த ஃபைல் பேர்லயே ஃப்ரீக்வென்சி, ரெண்டு ரெசிஸ்டர் வோல்ட், ஃப்ரேம் ரேட், தண்ணிச் சூடு நாலையும் போட்டு சேவ் பண்ணுங்க, ஒரு வாரம் கழிச்சு எங்கிட்ட வீடியோவக் காட்டும்போது நான் கேக்கப் போறது அந்த நாலும்தான்.